வினைக்குறியும் வைத்தியர் கணிப்பும்

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களில் மார்புப் புற்றுநோய் என்ற பெயர் முதன்முதலாக வீட்டுக்குள் நுழைகிற நாளில் இரண்டு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைக் கண்டிருக்கிறேன்: எனக்கு ஏன் வந்தது என்பது ஒன்று, இனி என்ன ஆகும் என்பது மற்றொன்று. முன்னதைச் சுமந்துகொண்டு பெண்கள் தோட்டத்து மாரியம்மன் சந்நிதிக்கும், ஜொகூர் பாருவில் கண்ணாடிக் கோயில் என்று பெயர் பெற்ற ராஜகாளியம்மன் ஆலயத்துக்கும் போகிறார்கள். பின்னதைக் கேட்க முன்னாளில் ஜாதகத்தை விரித்தவர்கள் இந்நாளில் வைத்தியர் முன் அமர்கிறார்கள். சென்ற காலத்துக்குத் தெய்வம், வருங்காலத்துக்கு விஞ்ஞானம் என்று நாம் அறியாமலே செய்துகொண்ட இந்தப் பாகப்பிரிவினை ஒருவாறு சச்சரவின்றி நடந்துவந்தது. இப்பொழுதோ, வாழ்ந்த வாழ்க்கை உடம்பில் விட்டுச்சென்ற தடங்களைப் படித்து, அவற்றைக் கொண்டே நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்ல முற்படும் ஒரு புதிய கல்வி தோன்றி, இரண்டு கேள்விகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஆகையால் கன்மம் என்றும் விதி என்றும் நாம் நெடுங்காலமாகப் பேசிவரும் பொருளை மறுபடியும் கையிலெடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அக்கல்விக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். 1942-ஆம் ஆண்டில் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் அப்பெயரை வழங்கியபோது, ஒரே கருவிலிருந்து கண்ணும் எலும்பும் ஈரலும் வெவ்வேறாக உருவெடுப்பது எங்ஙனம் என்பதே அவர் மனத்தில் நின்ற வினா. நம் சரீரத்தின் உயிரணுக்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபுச் சுவடிதான் இருக்கிறது. அச்சுவடியில் எந்த ஏடு வாசிக்கப்பட வேண்டும், எது கட்டி வைக்கப்பட வேண்டும் என்பதை, எழுத்தை மாற்றாமல் எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய இரசாயனக் குறிகள் தீர்மானிக்கின்றன. கரியணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்றும் சேர்ந்த மெத்தில் என்பது அக்குறிகளில் மிகுதியாக ஆராயப்பட்டது. டி.என்.ஏ. என்னும் அச்சுவடியின் நான்கு எழுத்துக்களுள் சைட்டோசின் என்பதன் மேல், பெரும்பாலும் அதை அடுத்துக் குவானின் வருகிற இடங்களில், அது சென்று அமர்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவ்விதக் குறிகள் நெருங்கிக் குவிந்தால் அந்த மரபணு பெரும்பாலும் செயலற்று அடங்கிவிடுகிறது. உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் காவல் நிற்கும் மரபணுவே இவ்வாறு அடங்கிப்போனால் கேடு விளைவதற்கு வேறு பகை வேண்டுவதில்லை.

இக்குறிகளைப் படிக்கும் முறை பார்ப்பதற்கு மிகவும் சாதாரணமானது. அறுவையில் எடுத்த கட்டியின் துண்டு ஃபார்மலினில் பதப்பட்டு, மெழுகுக்குள் புதைந்து, எண் எழுதிய ஒரு சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் ஆய்வுக்கூடத்து இழுப்பறையில் கிடக்கும். ஒரு பெண்ணின் பல ஆண்டு வாழ்க்கையில் ஒரு பகுதி அதற்குள் உறைந்திருக்கிறதென்று யாரும் சொன்னாலொழியத் தெரியாது. அதிலிருந்து மெல்லிய சீவல்களை வெட்டி, மெழுகைக் கரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, பைசல்பைட் என்னும் உப்புக் கரைசலில் வைக்கிறார்கள். மெத்தில் ஏறாத சைட்டோசின் அக்கரைசலில் யுராசில் என்ற வேறெழுத்தாக மாறிவிடுகிறது. மெத்தில் ஏறியதோ மாறாமல் நின்றுவிடுகிறது. மாறியது எது, நின்றது எது என்று கணக்கெடுப்பதே கணிப்பின் ஆரம்பம். பிட்எக்ஸ்-2 என்ற மரபணுவில் இக்குறி மிகுந்திருந்த கட்டிகள் சிகிச்சைக்குப் பின்னும் திரும்பி வரும் இயல்பு கூடியவை என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டார்கள். 2003-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்பிரக் நகரத்து அறிஞர்கள், கட்டியைக்கூடத் தேடாமல், நோயாளியின் இரத்த நீரில் மிதக்கும் டி.என்.ஏ.யிலேயே ராஸ்எஃப்-1ஏ, ஏ.பி.சி. என்ற இரு மரபணுக்களின் குறிகளைப் பார்த்து, அவை காணப்பட்ட பெண்களின் கதி ஏனையோரினும் மோசமாயிருந்ததை வெளியிட்டார்கள். இரண்டாண்டுகள் கழித்து அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள். எனக்கு முன்னதைக் காட்டிலும் இதுவே பெரிதாகப் படுகிறது. மார்புப் புற்றுநோய் மருந்தாகிய தமாக்ஸிஃபென் மாத்திரையை ஓராண்டு உட்கொண்ட பிறகு அந்த ராஸ்எஃப்-1ஏ குறி சிலருடைய இரத்தத்திலிருந்து மறைந்துபோயிருந்தது. மறையாமல் நின்றவர்களுக்கு அம்மருந்து பலிக்கவில்லை என்று கொள்ள இடமிருந்தது. இரத்தத்தில் தெரிந்த குறி ஓராண்டில் இல்லாமற் போகக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நம் சமய மாநாட்டு மேடைகளில், வினை உடம்பில் பதிகிறது என்று நம் முன்னோர் சொன்னதை மேல்நாட்டு விஞ்ஞானம் இன்றுதான் கண்டுபிடித்திருக்கிறது, முற்பிறப்பின் கன்மம் மரபணுவின் மேல் குறியாக ஏறி வருகிறது என்று முழங்கிக் கைதட்டு வாங்குபவர்கள் பெருகிவருகிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதரில் இக்குறிகளுட் பெரும்பாலானவை, முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒருமுறையும், கரு தரித்த முதற்சில தினங்களில் இன்னொரு முறையும் அழிக்கப்பட்டு, புதிதாக இடப்படுகின்றன. மார்பில் தோன்றிய கட்டியின் குறி அக்கட்டியோடு பிறந்து அக்கட்டியோடு ஒழிவது, மகளுக்குப் போவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குச் சில குடும்பங்களில் போவது, 1994-லும் 1995-லும் அடையாளம் காணப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் எழுத்துப் பிழை. அது வேறு விஷயம். நம் சாஸ்திரத்துக்கு இவ்விதச் சான்றிதழ் தேவையில்லை. தேவை என்று நினைப்பவர் சாஸ்திரத்தையும் மதிக்கவில்லை, விஞ்ஞானத்தையும் படிக்கவில்லை.

ஆயினும் ஒப்புமை முழுவதும் பொய்யென்று தள்ளுவதற்கும் மனம் வரவில்லை. ஒரே லக்கினத்தில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் வேறுவேறு கதியடைவது ஜோதிடரை அந்நாள் முதல் சங்கடத்தில் ஆழ்த்திவந்த காட்சி. அத்தகைய இரட்டையரை ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் 2005-இல் சோதித்தபோது, இளமையில் ஏறக்குறைய ஒன்றாயிருந்த அவர்களுடைய குறிகள் வயது ஏற ஏற, வாழ்க்கை விலக விலக, வேறுபட்டுப்போயிருந்தன. புகை பிடிப்பவருடைய இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மெத்தில் குறைந்துவிடுகிறது. பழக்கத்தை விட்டால் அது ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய நிலையை நோக்கி மீள்கிறது. செய்தது பதிகிறது, பதிந்தது பயன் தருகிறது, பின்னர்ச் செய்வது முன் பதிந்ததை மாற்றவும் கூடும் என்ற இந்த அளவில், சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது நுகரும் பிராரத்தம், இனிச் சேரும் ஆகாமியம் என்ற வினைப் பகுப்பைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இது அந்நிய பாஷையாக ஒலிக்கவில்லை. ஆனால் குறியை இடுவது தன் செயல் மட்டுமன்று. உண்ட உணவு, சுவாசித்த காற்று, வயது, காரணமே இல்லாத தற்செயல் ஆகிய யாவும் அதில் கலந்திருக்கின்றன. குறியைக் கண்டு குற்றத்தைப் படிக்க முடியாது.

சைவ சித்தாந்தம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்க ஒரு நிலையை எடுக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதமும், அதன் வழிநூலாகிய அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் கன்மத்தை ஒப்புகின்றன. ஆனால் அதைச் சடம் என்கின்றன. அறிவில்லாத பொருளாகையால் தன்னைச் செய்தவன் யார் என்று தேடிச் சென்று பற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. உயிரும் தன் வினைப்பயன் இன்னதென்று அறிந்து தானே எடுத்துக்கொள்ள வல்லதன்று. எனவே கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும், அவன் கூட்டுவிப்பதும் தண்டிக்க அன்று, உயிரைப் பற்றிய அழுக்காகிய மலத்தைப் பக்குவப்படுத்தி நீக்கவே என்பது அவர்கள் கோட்பாடு. இறைவனை ஏற்காதவரும் இதில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: வினைக்கு வெறுப்பும் இல்லை, விருப்பமும் இல்லை, ஒருத்தியின் உடம்பில் நோய் இருப்பது அவளைப் பற்றிய ஒரு தீர்ப்பு அன்று. எல்லாம் நியதியின்படி நடக்கும், முயற்சியால் ஒன்றும் கூடாது குறையாது என்று பேசிய ஆசீவகரை நம்மவர் அறியாதவர் அல்லர். மணிமேகலை அவர்கள் கொள்கையை எடுத்துரைக்கிறது, நீலகேசி அதை மறுக்கிறது. வள்ளுவர் ஊழின் வலிமையை அறத்துப்பாலின் முடிவில் ஓரதிகாரமாக வைத்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரம் அமைத்து ஊழையும் முயற்சியையும் எதிரெதிரே நிறுத்தினார்; ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்கவில்லை. இவர்கள் எல்லோரையும்விட இப்பொருளுக்கு நெருங்கியவர் திருஞானசம்பந்தர். கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் அவர் தங்கியிருந்தபோது குளிர்காய்ச்சல் பரவி உடன்வந்த அடியார்கள் அஞ்ச, அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. அப்பதிகத்தின் தொடக்கத்தில் அவர் வினையை மறுக்கவில்லை. இது முன்வினைப் பயன் என்று ஒப்புகிறவர்கள் அதனின்று உய்யும் வழியைத் தேடாதிருப்பது இழிவல்லவா என்று இடித்துரைக்கிறார். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, எல்லாம் கர்மபலன் அம்மா, அநுபவித்துத் தீர்க்கவேண்டியதுதான் என்று உபதேசித்து, காப்பி குடித்துவிட்டுப் போகிற நம் உறவினர்களுக்கு இப்பதிகத்தின் பொருளை யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

கூலாய்ப் பக்கத்தில் அறுபதைக் கடந்த ஓர் அம்மையாரை அறிவேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அறுவை முடிந்து, மேற்கொண்டு எந்தச் சிகிச்சை என்று பேச வந்த நாளில், மடியில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் மூலையை விரலால் மடிப்பதும் நீவுவதுமாக உட்கார்ந்திருந்தார். முதலில், “போன ஜென்மத்துல யாரு குடியக் கெடுத்தேனோ, தம்பி” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, குரலில் கோபம் ஏறிற்று: “டாக்டரு நூத்துக்கு எழுபது பேரு நல்லாயிடுவாங்கன்னாரு. அந்த எழுபதுல நான் இருக்கேனா, மிச்சம் முப்பதுல இருக்கேனா? அதத்தானே நான் கேட்டேன்.”

இந்தக் கேள்விக்கு எந்த மெத்தில் குறியும் விடை சொல்லாது என்பதை அவருக்கு எவ்விதம் விளக்குவது? கணிப்பு என்பது எப்பொழுதும் கூட்டத்தைப் பற்றியது. நோயாளியோ எப்பொழுதும் ஒருத்தி. குறிகள் நுட்பமாக ஆக ஆக, எழுபதும் முப்பதுமாயிருந்த கூட்டம் எண்பதும் இருபதுமாக, தொண்ணூறும் பத்துமாகப் பிரிக்கப்படலாம். ஆயினும் அந்தப் பத்தில் ஒருத்தியின் இருக்கை எங்கே என்பதை எண் சொல்லாது. விதி என்ற கொள்கை தனிமனிதனைப் பற்றிப் பேசிற்று. இன்ன நாளில் இன்னாருக்கு இன்னது என்றது. விஞ்ஞானக் கணிப்போ இன்னார் என்ற சொல்லையே அறியாது. ஆதலால் வைத்தியர் கையிலுள்ள தாளைப் புதிய தலையெழுத்தாக வாசிப்பவர் இரண்டையும் குழப்புகிறார். மேலும், ஜோதிடன் தன் வாக்குப் பலிக்க வேண்டுமென்று விரும்புவான். நல்ல வைத்தியர், நோய் திரும்பும் என்று குறி சொன்னால், அந்த வாக்கைப் பொய்யாக்குவதற்காகவே அதைப் படிக்கிறார். பிட்எக்ஸ்-2 சோதனையை வைத்தியர்கள் மதிக்கும் அளவுக்கு உயர்த்தியது, யாருடைய நோய் திரும்பும் என்று அது சொன்னதன்று. ஆந்த்ராசைக்ளின் என்ற கடுமையான மருந்து வகை யாருக்குப் பயன் தரும் என்று தேர்ந்தெடுக்க அது உதவக்கூடும் என்பதே. செய்வதற்கு ஏதேனும் வழி திறக்கிற கணிப்பைச் சொல்லியே ஆகவேண்டும். வழி எதுவும் திறவாத கணிப்பைச் சொல்வதா வேண்டாமா என்பது ஆய்வுக்கூடம் தீர்க்கிற விஷயம் அன்று.

நுண்ணிய குறிகளைப் பற்றி இத்தனை பேசிய பிறகு, கண்ணுக்குத் தெரிகிற குறியைப் பேசாமல் விடுவது அதர்மம். மலேசியாவில் 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை 2016 வரை தொடர்ந்து பார்த்து, 2018-இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தவர் நூற்றுக்கு 66.8. முதல் நிலையில் வந்தவர்களுக்கு அது 87.5, நான்காம் நிலையில் வந்தவர்களுக்கு 23.3. இந்நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் வைத்தியரிடம் வருகிறார்கள். எந்த மரபணுவின் எந்த மெத்திலும் இவ்வளவு பெரிய வேற்றுமையை ஒரு பெண்ணின் கதியில் காட்டிவிடும் என்று நான் நம்பவில்லை. ஏன் பிந்தி வருகிறார்கள்? கட்டி வலிக்கவில்லை, ஆகையால் ஒன்றுமில்லை என்ற எண்ணம். மார்பை அந்நியரிடம் காட்டும் கூச்சம். ஒருநாள் கூலி போய்விடும் என்ற கணக்கு. அறுத்தால் பரவும் என்று யாரோ சொன்னது. மந்திரித்துத் தாயத்துக் கட்டியதில் கழிந்த ஆறு மாதம். ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 170 கிலோமீட்டருக்கு மேல். வாரத்துக்கு ஐந்து நாள் சிகிச்சை என்றால் அந்தத் தூரமும் ஒரு குறிதான்.

இன்னொன்று. எந்தக் குறியின் பொருளும், முன்னரே யாருடைய உடம்புகள் படிக்கப்பட்டனவோ அவர்களை வைத்தே நிச்சயிக்கப்படுகிறது. இத்துறையில் பெரும்பாலும் அவர்கள் ஐரோப்பிய வம்சத்துப் பெண்கள். 2001-இல் தொடங்கிய கான்சர் ரிசர்ச் மலேசியா நிறுவனத்தார் மலேசியப் பெண்களின் 560 மார்புக் கட்டிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டபோது, மேல்நாட்டுக் கட்டிகளுக்கும் இவற்றுக்கும் சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய வேற்றுமைகள் இருப்பது தெரிந்தது. அங்கே படிக்கப்பட்டவை பெரும்பாலும் மரபணுவின் எழுத்தும் அதன் வெளிப்பாடுமே. மெத்தில் குறிகளுக்கும் அத்தகைய பணி இந்நாட்டில் விரிந்து நடக்க வேண்டும். இன்ஸ்பிரக் நகரத்துப் பெண்ணைக் கொண்டு எழுதிய பொருளகராதியால் கூலாய் அம்மையாரின் உடம்பைப் படிப்பது, ஒருவர் ஜாதகத்தைப் பார்த்து இன்னொருவருக்குப் பலன் சொல்வதைப் போலாகிவிடக் கூடாது.

ஆகவே, தூரமும் கூலியும் ஆராய்ச்சியின் குறையும் நோயின் போக்கில் கலந்திருக்கையில், வினை யாருடையது என்று கேட்டால், கட்டிலில் கிடப்பவளுடையது மட்டும் அன்று என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த உண்மையைப் பேசாமலே நடத்திக் காட்டியவர் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1923-இல் தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். முதலில் சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்ட நோய் அது. அந்தத் துக்கத்தை விதியென்று மடித்து வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ முப்பதாண்டுகளுக்கு மேல் அதை விடாமல் பிடித்திருந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மலேயாவின் தோட்டங்களில் உழைத்த தமிழர் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். நம்மிடையே ஒரு முத்துலட்சுமி தோன்றவில்லை என்பதை வருத்தத்தோடு குறிக்கிறேன். நாளை ஒரு தேவஸ்தானம் தைப்பூசத்து அன்னதானச் செலவில் சிறு பங்கைத் தோட்டத்துப் பெண்களை மார்புப் பரிசோதனைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஒதுக்கினால் ஆகமம் எதுவும் மீறப்படாது.

கூலாய் அம்மையாரின் மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை செய்பவர்; விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் காசுவே பாலத்தைக் கடந்து போய் இரவில் திரும்புபவர். அன்று விடுப்புப் போட்டு வந்திருந்தார். தாய் அறைக்குள் நுழையுமுன் அவர் மட்டும் உள்ளே சென்று, முடிவு எப்படியிருந்தாலும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள் என்று வைத்தியரைக் கேட்டுக்கொண்டார். நம் வீடுகளில் இது அன்பின் பெயரால் நடக்கிறது, அன்புதான், சந்தேகமில்லை. எனினும் நம் சித்தாந்தத்தைக் கொண்டே பார்த்தால், வினைப்பயனை ஒருவருக்காக இன்னொருவர் உண்ண முடியாது. உண்ணப்போகிறவள் அவளாயிருக்க, அதைப் பற்றிய அறிவு மட்டும் மகனுக்குச் சொந்தமாவது எந்த நியாயத்தால்? அறிய விரும்பாமலிருக்க அவளுக்கு உரிமையுண்டு. அந்த உரிமையும் அவளுடையதே, மகன் அவள் சார்பில் எடுத்துக்கொள்வதற்குரியது அன்று. வரும் ஆண்டுகளில் இரத்தத் துளியிலிருந்து இக்குறிகளைப் படிக்கும் சோதனைகள் ஜொகூருக்கும் வரும்போது, ஊசி குத்துமுன்னரே, மகனையும் மருமகளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் அம்மா என்று தமிழில் ஒருவர் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அந்தப் பிளாஸ்டிக் கோப்பின் முதல் தாளில் எழுதி வைக்க வேண்டும்.